வெண்ட்லரின் சட்டத்துக்குக் கைதட்டினார்கள்

உருத்திரமூர்த்தி மாமா மேடையில் ஏறினார். ஜெர்மனியின் ஹனோவரில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தலைவர் அவர். இப்போது நகரசபைத் தேர்தலுக்கும் நிற்கிறார். எங்கள் தமிழ்ப் பள்ளிக்குப் பக்கத்துக் காணியில் புதிதாக வரும் அகதிகளுக்கு விடுதி கட்டப் போகிறார்கள். அதைச் சங்கம் எதிர்க்க வேண்டும், எல்லோரும் கையுயர்த்த வேண்டும், அதற்குத்தான் கூட்டம். எண்பத்தைந்தில் தானும் இலங்கையிலிருந்து அகதியாகக் கிழக்கு பெர்லினில் வந்திறங்கி, ரயிலேறி மேற்கே நழுவிய மனிதர் இவர்! என் அப்பா இராசலிங்கமும் கூட வந்தவர். அகதி முகாமில் இருவரும் ஒரே கட்டிலில் மாறிமாறிப் படுத்த கதையைச் சொல்லாத பிறந்தநாள் எங்கள் வீட்டில் இல்லை.

அன்றைய பேச்சை எழுதியது நான். பல்கலைக்கழகத்தில் அமெரிக்க வரலாறு ஆய்வு செய்கிறேன். யோகான் வெண்ட்லர் என்ற பதினெட்டாம் நூற்றாண்டு வழக்கறிஞர்தான் என் ஆய்வு. போன கிழமை மாமா போன் எடுத்தார்.

"யதுசா, உம்மட அந்த ஜெர்மன்காரன் வெறுங்கையோட அமெரிக்கா போய்ச் சட்டசபை வரைக்கும் வந்தவனாமே? அவன்ர கதையை வைச்சு எனக்கொரு பேச்சு எழுதித் தாரும். நானும் அப்பிடித்தானே!"

"ஓம் மாமா, அச்சொட்டா உங்களைப்போலத்தான்," என்றேன்.

வெண்ட்லரின் வாழ்க்கை முழுவதையும் எழுதிக் கொடுத்தேன். எதையும் மறைக்கவில்லை. மாமா எந்தப் பேச்சையும் மேடையில்தான் முதன்முதலாக வாசிப்பார், அது எல்லோருக்கும் தெரியும். பாதியில் அவருக்கு நாக்குத் தடுமாறும், சபை வெட்கப்படும், ஒரு கையும் உயராது என்று நம்பினேன். மடைச்சி நான்!

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். கப்பல் கூலி கட்ட வழியில்லாமல் பிலடெல்பியாவுக்கு வந்தான் வெண்ட்லர். ஒரு மாவு ஆலைக்காரன் கூலியைக் கட்டிக் கூட்டிப்போய், வருடக்கணக்காக முதுகு முறிய வேலை வாங்கினான். பிறகு வெண்ட்லர் சட்டம் படித்தான். அதே மாதிரி வேலைக்கு மாட்டித் தப்பியோடியவர்களைப் பிடித்துக் கொடுக்கும் வழக்குகளில் முதலாளிகள் பக்கம் நின்றே பேரெடுத்தான். சட்டசபைக்குப் போனதும் ஒரு சட்டம் கொண்டுவந்தான்: கூலி கட்டாதவன் கப்பலை விட்டு இறங்கவே கூடாது. அந்தக் கப்பல்களில் வந்தது அவனுடைய ஊர்ச் சனம். கரை கண்ணுக்குத் தெரியத் தெரியக் காய்ச்சலில் கிடந்து செத்தார்கள்.

மாமா நிமிர்ந்தார். இப்போது உறைத்திருக்கும் என்று நினைத்தேன்.

"பாத்தீங்களோ?" என்றார் சபையிடம். "வந்த நாட்டுக்கு எவ்வளவு விசுவாசமா இருந்திருக்கிறான்! நாங்கள் வந்தது வேற, இவங்கள் வாறது வேற!"

மண்டபமே அதிரக் கைதட்டினார்கள். ச்சீ! செத்தவர்களுக்காக ஒருவர் வாயிலும் ஓர் 'ஐயோ' வரவில்லை.

கையுயர்த்தச் சொன்னார். உயர்ந்தன. முன்வரிசையில் அப்பாவின் கையும்.

"அப்பா!"

"சத்தம் போடாதையம்மா, வீட்டில போய்க் கதைப்பம்," என்றார், கையை இறக்காமலே.

மாமா என்னை மேடைக்கு இழுத்துப் பொன்னாடை போர்த்தினார். "எங்கட பிள்ளையின்ர எழுத்து!" மறுபடியும் கைதட்டல். அந்தத் துணி மேலில் பட்டதே எனக்கு அருவருப்பாக இருந்தது. இறங்கி நேரே அப்பாவிடம் போனேன். பொன்னாடையை உருவி அவர் தோளில் போட்டேன்.

"இது உங்களுக்குத்தான் பொருந்தும் அப்பா. வெண்ட்லருக்குப் போட வேண்டியது."

அப்பா அதன் மடிப்பை நீவிச் சரிசெய்தார். பிறகு படம் பிடிப்பவரைப் பார்த்துச் சிரித்தார்.