பாட்டிலில் ஒட்டிய பெயர்

ரோஜா தன் போனில் வந்த தண்ணீர்ச் சோதனை அறிக்கையை இரண்டாம் தடவை வாசித்தபோது, சந்தனமாரி ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்த குக்கரை மறுபடியும் தேய்த்துக்கொண்டிருந்தாள். கடினத்தன்மை மிகக் குறைவு, இரும்பு இல்லை, உப்பும் இல்லை, குடிக்க உகந்தது. மலையாளத்தில் இருந்ததை ரோஜா தமிழில் சொல்லச் சொல்ல, முற்றத்தில் நின்ற பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இந்தத் தண்ணீரில் துவரம்பருப்பு ஆறு விசில் விட்டாலும் வேகாது. தலைக்கு ஊற்றினால் முடி கொத்தோடு கையில் வரும். போன மாதம் வாங்கிய வெள்ளைச் சட்டை இந்த மாதம் காவி கட்டிவிடுகிறது. அப்பேர்ப்பட்ட தண்ணீருக்குத்தான் இப்படி ஒரு நற்சான்றிதழ்.

மட்டாஞ்சேரியின் அந்தக் காம்பவுண்டில் எட்டு வீடுகளுக்கும் ஒரே போர்வெல். வீட்டுக்காரர் முகமது இஸ்மாயில் பஜார் ரோட்டில் மிளகு வியாபாரம் செய்பவர். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் எதற்கும் பேப்பர் கேட்பார். அங்கேயே குடியிருந்துகொண்டு நாலு மாதமாக அவர் பின்னால் அலைந்த ரோஜா, தண்ணீர் கெட்டது என்று சோதனையில் வந்தால் தெருவில் போகும் பெரிய குழாயிலிருந்து எட்டு வீட்டுக்கும் இணைப்பு எடுத்துத் தருவதாக அவர் வாயாலேயே சொல்லவைத்திருந்தாள். இப்போது பேப்பர் வந்துவிட்டது. இணைப்பு இல்லை என்று ஆகிவிட்டது.

“அக்கா, நீங்கதானே பிடிச்சுக் குடுத்தது? பைப்புல இருந்துதானே?” என்று ரோஜா கேட்டாள்.

“பின்ன?” என்றாள் சந்தனமாரி, குக்கரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நடந்தது இதுதான். காக்கநாட்டிலிருந்து வெயிலில் வந்த அதிதி என்ற சோதனைக்கூடப் பெண், முதல் வீடு என்பதால் சந்தனமாரி வீட்டுக்கு வந்தாள். பெயர் கேட்டு எழுதி, அதை ஒரு பாட்டிலில் ஒட்டினாள். பைப்பைத் திறந்து ரெண்டு நிமிஷம் ஓடவிட்டு நிறைத்து வைத்தால் போதும், அடுத்த காம்பவுண்டுக்குப் போய்விட்டு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று போனாள். சந்தனமாரியும் திறந்துவிட்டாள். மஞ்சளாக, துருவாடையோடு ஓடியது. பாட்டிலைக் குழாய்க்குக் கீழே கொண்டுபோனவள், தன் பெயரைப் பார்த்துவிட்டாள். இருபது வருஷமாகக் கேரளத்தில் இருக்கிறாள். வாசலில் தாகத்தோடு நிற்பவர் எவருக்கும் இந்தத் தண்ணீரை அவள் கொடுத்ததில்லை. தன் பெயரை ஒட்டி, ஏதோ ஒரு ஆபீஸில் நாலு பேர் தூக்கிப் பார்க்கும்படி இந்தக் கண்றாவியையா அனுப்புவது? ஒரு நொடி யோசிக்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய கேன் தண்ணீரை, வடிகட்டி மூடி வைத்திருந்த பானையிலிருந்து மொண்டு ஊற்றி, பாட்டிலின் வெளிப்பக்கத்தைத் துண்டால் துடைத்து வைத்தாள். பதிமுகப் பட்டை போட்டுக் காய்ச்சிச் சிவந்த குடிதண்ணீரை ஊற்றியிருந்தாலாவது குட்டு அன்றைக்கே உடைந்திருக்கும்.

இந்த மாதிரி முட்டாள்தனத்தை வெளியே எப்படிச் சொல்வது? அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அரிசி களைந்தாள், களைந்ததை மறந்து இன்னொரு தடவை களைந்தாள். கொடியில் கிடந்த துணியை எடுத்து மடித்து, ஈரம் போகவில்லை என்று மறுபடியும் போட்டாள். அடுத்த வீட்டு அம்பிளியின் குழந்தை அப்பு அழும் சத்தம் சுவரைத் தாண்டி வந்துகொண்டே இருந்தது. ஏழு மாதக் குழந்தை. குளிப்பாட்டும்போதெல்லாம் தோல் செதில் செதிலாக வெடித்து, முழங்கை மடிப்பில் ரத்தம் கசிகிறது. தண்ணீரை மாற்றிப் பாருங்கள் என்றுதான் டாக்டர் சொல்லியிருக்கிறார். சந்தனமாரி தன் கணவன் முனியாண்டியிடம் நடந்ததைச் சொன்னாள். அவன் சாயா குடித்துக்கொண்டே சிரித்தான். பேசாமல் இரு, ஒருத்தருக்கும் தெரியாது என்றான். அவளுக்கு அவன் மேலும் கோபம் வந்தது.

மூன்றாம் நாள் அவளுக்குத் தாங்கவில்லை. பைப்பைத் திறந்து ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு பஜார் ரோடுக்கு நடந்தாள். இஸ்மாயில் மிளகுச் சாக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். அவள் நடந்ததையெல்லாம் சொன்னாள். அவர் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அடியில் அதற்குள் மஞ்சளாக மண்டி இறங்கியிருந்தது.

“நான் விஸ்வசிக்கிறேன்,” என்றார், மலையாளம் கலந்த தமிழில். “பட்சே எனக்கு மட்டும் சொன்னாப் போராது. ஆ ரோஜாக்கொச்சு நாலு மாசம் எவ்வளவு நடந்ததாணு? எட்டு வீட்டுக்காரும் முதல் சாம்பிள் தப்புன்னு கையொப்பிட்டுத் தரட்டும். நாளைக்கே நான் வேற சாம்பிள் எடுக்க ஆள வரச் சொல்றேன்.”

அவள் தலையாட்டினாள். எட்டுக் கையெழுத்து என்றால் எட்டு வீட்டுக்கும் தெரிய வேண்டும். திரும்பும் வழியில் முதலில் யாரிடம் சொல்வது என்று கணக்குப் போட்டாள். ரோஜாவிடம் சொல்லவே முடியாது, அவள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. கடைசி வீட்டிலிருந்து தொடங்கலாம் என்று முடிவு செய்து காம்பவுண்டுக்குள் நுழைந்தாள். முதலில் கண்ணில் பட்டது அம்பிளிதான். முற்றத்தில் மணைப்பலகையில் உட்கார்ந்து, நீட்டிய காலில் அப்புவைப் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.

சந்தனமாரிக்கு நின்று யோசிக்கத் தோன்றவில்லை.

“அம்பிளி, அன்னைக்கு நான் பைப்புத் தண்ணி பிடிக்கல. கேன் தண்ணியத்தான் ஊத்திக் குடுத்தேன்.”

அம்பிளி நிமிர்ந்து பார்த்தாள். அவள் கை குழந்தையின் முதுகில் அப்படியே நின்றது.

“எந்தினா சேச்சி, எதுக்கு?”

“வெக்கமா இருந்துச்சு.”

அவள் கத்துவாள் என்று சந்தனமாரி காத்திருந்தாள். கத்தியிருந்தால் தேவலை. அம்பிளி ஈரக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். சந்தனமாரியை அந்த மணைப்பலகையில் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டி, அப்புவை அவள் மடியில் வைத்தாள். பிறகு போய் மூன்றாம் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“கொஞ்சம் வெளிய வா. சேச்சி ஒரு காரியம் சொல்லணுமாம்.”

அடுத்த கதவு. அதற்கடுத்தது. ஒவ்வொருத்தியாகக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து நின்றார்கள். ரோஜாவின் கதவு மட்டும் இன்னும் திறக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள் நகரும் சத்தம் கேட்டது. மடியில் அப்பு நெளிந்தான். அவன் முதுகில் தேய்த்த சோப்பு நுரைக்காமல், தயிர்த் திப்பி மாதிரி சந்தனமாரியின் உள்ளங்கையிலும் புடவையிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. கழுவிவிட, பக்கத்தில் அதே பைப்புத் தண்ணீர் ஒரு வாளிதான் இருந்தது.