பெட்டி மூடியில் பதினொரு கையெழுத்து

ரத்த அழுத்தம் பார்க்கும் கருவிகளை ரிப்பேர் செய்கிறவருக்கு மனுஷ வாடையே ஆகாது என்று தெருவில் பேச்சு. எதிரே ஆள் வந்தால் மறுபக்கம் ஒதுங்கிவிடுவார். வாசலில் ஒரு கூடை தொங்கும். கருவியை அதில் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். 'முசுடு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மனைவி அண்ணன் வீட்டுக்குப் போய் நான்கு வருஷம் ஆகிறது. போனவளைப் பற்றி யாரும் கேட்டுவிடக் கூடாதே என்றுதான் பாதி ஒதுங்கல்.

வேலை முடிந்த பெட்டியை ஆஸ்பத்திரி வாசலில் வைத்துவிட்டு நழுவுவது அவர் வழக்கம். அன்று டாக்டரம்மாவே வாசலில் நின்றதால் வசமாக மாட்டிக்கொண்டார்.

அந்தப் பெட்டிகளின் மூடிக்குள் ஓர் அட்டை ஒட்டியிருக்கும். பாதரசத்தைச் சுத்தம் செய்து நிரப்பும்போதெல்லாம் தேதி போட்டுக் கையெழுத்திடுவார். டாக்டரம்மா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எல்லாமே உங்க கையெழுத்தா?"

"பின்னே யாரோடது?" வெடுக்கென்று வந்தது.

"முதல் அஞ்சும் முத்து முத்தா இருக்கு. ஆறாவதுலேர்ந்து கோணிக்கிட்டே போகுதே. கையை நீட்டுங்க."

நீட்டினார். விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

"எங்க உக்காந்து வேலை பாக்கறீங்க?"

"முன்னாடி கடை இருந்துச்சு. இப்ப வீட்லதான். ஜன்னலை அடைச்சுக்குவேன். தூசு விழுந்தா பாதரசம் கெட்டுடும்."

"சட்டு சட்டுன்னு கோபம் வருதா? ஆளுங்களைப் பாக்கவே கூச்சமா இருக்கா?"

கூடவே குடியிருந்தவள் மாதிரிக் கேட்கிறாளே என்று அவருக்குத் திக்கென்றது.

சிறுநீர்ப் பரிசோதனை முடிவு வந்ததும் விஷயம் வெளிச்சமானது. மூடிய அறையில் பாதரச ஆவியை வருஷக்கணக்காகச் சுவாசித்திருக்கிறார். நடுக்கம் மட்டுமல்ல, அந்தச் சிடுசிடுப்பும் கூச்சமும்கூட அதனால் வரக்கூடியவைதானாம். வேலையை நிறுத்த வேண்டும், ஜன்னலைத் திறந்துபோட்டு, சுத்தம் செய்ய ஆள் வரும்வரை அந்த அறைப்பக்கமே போகக் கூடாது. உடம்பிலிருந்து மெல்ல மெல்ல இறங்கிவிடும் என்றார் டாக்டரம்மா.

அட்டையைக் கெஞ்சிக் கேட்டு வாங்கிக்கொண்டார். பஸ்ஸில் அதை நாலு தடவை படித்தார். ஆறாவது கையெழுத்து, மனைவி போவதற்கு ஒரு வருஷம் முந்தையது. கோபத்துக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டால் மனுஷனுக்கு எவ்வளவு தெம்பு வந்துவிடுகிறது! பக்கத்து சீட்டுக்காரர் பார்க்கப் பார்க்க அழுதார்.

மனைவிக்கு மூச்சு முட்டும், ஜன்னலைத் திறப்பாள். அவர் அடைப்பார். கடைசியாக அவள் திறந்த அன்று, கையிலிருந்த கண்ணாடிப் புட்டியை வீசினார். அவள் காதுக்கு ஒரு சாண் தள்ளிச் சுவரில் உடைந்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

வீட்டு வாசலிலேயே நின்று போன் செய்தார். இரண்டு தடவை எண் தப்பிப்போனது.

"நான்தான்," என்று ஆரம்பித்து மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினார். "அது நான் இல்லம்மா. பாதரசம். தேதியோட அட்டை இருக்கு, கொண்டு வந்து காட்டறேன்."

அவள் கடைசிவரை கேட்டுக்கொண்டாள்.

"புட்டியை வீசினது பாதரசம். சரி. நாலு வருஷமா ஒரு போன்கூட பண்ணலையே, அதுவுமா?"

ஆமாம் என்று சொல்லலாம். கூச்சத்தைக்கூட டாக்டரம்மா பட்டியலில் சேர்த்திருந்தாரே.

"தெரியலை," என்றார்.

"மருந்து மாத்திரை சாப்பிட்டு நல்லாகுங்க. எல்லாம் உடம்பைவிட்டு இறங்கினப்புறமும் என்னைக் கூப்பிடணும்னு தோணிச்சுன்னா, அப்ப கூப்பிடுங்க." வைத்துவிட்டாள்.

உள்ளே போய் ஜன்னல் தாழ்ப்பாளை இழுத்தார். துருவேறி அசையவில்லை. தோளைக் கொடுத்து முட்டினார். படாரென்று திறந்து தெருச் சத்தமெல்லாம் உள்ளே வந்தது. இத்தனை நாளும் அவருக்கு மனுஷர்களைக் கண்டுதான் பயம். இப்போது, ஆறு மாசமோ ஒரு வருஷமோ கழித்து, பாதரசமெல்லாம் வடிந்தபின் இந்த வீட்டில் மிஞ்சப்போகிற ஆளை நினைத்துப் பயந்தார். அவளைக் கூப்பிட அவன் போனை எடுக்காவிட்டால், பழிபோடப் பாதரசம்கூட இருக்காது.