மகிமா கண்டுபிடித்த கோயில்

தூத்துக்குடி ரயிலில் வந்து இறங்கி, திருவொற்றியூரில் தங்கை வீட்டுக்குள் காலெடுத்து வைத்த உடனேயே மகிமாவுக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது.

அம்மா ஞானசெல்வம் கூடத்து நாற்காலியில் சாய்ந்திருந்தாள். தங்கை பெனிஷா தரையில் உட்கார்ந்து, அம்மாவின் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். இருவரும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் பெட்டியோடு நின்ற மகிமாவைப் பார்த்ததும் பெனிஷா எழுந்து ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அம்மாவும் கையை நீட்டினாள். ஆனால் அந்தச் சிரிப்பு என்ன சிரிப்பு என்று யாரும் சொல்லவில்லை.

கண்ணில் புரை எடுப்பதற்காகச் சென்னைக்கு வந்த அம்மா, மூன்று வருடமாக இங்கேயே தங்கிவிட்டாள். தூத்துக்குடியில் மகிமாவின் வீடு இதைப்போல இரண்டு மடங்கு. மாடியில் அம்மாவுக்கென்று ஓர் அறையை ஒதுக்கி, அதற்குத் திரைச்சீலை கூட மாற்றியாகிவிட்டது. கூப்பிடும்போதெல்லாம் "வாரேன்ட்டி, வாரேன்" என்பாள். வரமாட்டாள். இந்த வருடம் மகிமா ஒரு முடிவோடு கிளம்பினாள். கிறிஸ்துமஸ் வியாபாரத்தை விட்டுவிட்டு வர முடியாது என்று கணவர் ஜெபசிங் சொன்னதற்கு, "நீங்க கடையைப் பாருங்க, நான் எங்கம்மையைப் பாக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு ரயிலேறினாள். திரும்பும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவது என்பதுதான் முடிவு.

அன்று மதியம் பெட்டியைத் திறந்து, அம்மாவுக்கென்று எடுத்துவந்த மாம்பழ நிறப் பட்டுப் புடவையை அவள் மடியில் வைத்தாள். அம்மா அதைப் பார்க்கக்கூட இல்லை. ஜரிகையை மட்டும் விரலால் தடவினாள்.

"நல்லா கனமா இருக்கு. ஆனா கிறிஸ்துமஸுக்குப் பெனி எடுத்துத் தந்ததைக் கட்டுதேன்னு சொல்லிட்டேனே. உன்னோடதை வருசப் பிறப்புக்குக் கட்டிக்கிடுதேன்."

"அதுக்கென்னம்மா, கட்டு" என்றாள் மகிமா. பெனிஷா வாங்கித் தந்தது ஒரு சாதாரணக் காட்டன் புடவை. கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை முறைத்துப் பார்த்தாள்.

சாயங்காலம் எல்லோரும் மணலி புதுநகருக்குப் போனார்கள். பெனிஷாவின் கணவன் ஜெஸ்வினின் குடும்பம் அங்கே ஒரு ஜெபக்கூடத்தைச் சேர்ந்தது. தகரக் கூரை, கலர் விளக்குகள், சுவர் அளவுக்குத் திரை. டிரம்ஸ் அடித்தபோது மகிமாவின் நெஞ்சுக்குள் அதிர்ந்தது. குழந்தைகள் மேடையில் குதித்துக் குதித்து ஆடினார்கள். அவள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா இரண்டு காதிலும் பஞ்சு வைத்திருந்தாள்.

அந்தப் பஞ்சைப் பார்த்ததும் மகிமாவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று. நகம் வெட்டிவிட்டால் ஆயிற்றா? காலம் பூராவும் ஆர்கன் சத்தத்தில், பழைய ஞானப்பாட்டுகளில் வளர்ந்த மனுஷி. இந்தக் கூச்சலில் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறாளே, பாவி! நல்ல பழைய கோயில் ஒன்றுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனால் போதும், அம்மாவுக்குத் தானாகவே புரிந்துவிடும், யாரிடம் இருக்க வேண்டும் என்று.

மறுநாள் இருபத்து நாலாம் தேதி. "கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வாரேன்" என்று சொல்லி வெளியே வந்து ஓர் ஆட்டோவை நிறுத்தினாள். ஓட்டுநர் பெயர் பாஸ்கர். மீசை நரைத்த, வாய் ஓயாத மனிதர்.

"பழைய சர்ச் ஒண்ணு வேணும். டிரம்ஸ் இருக்கக் கூடாது. தமிழ்ல ஆராதனை நடக்கணும்."

"இன்னாமா, சர்ச்சுக்கு இவ்ளோ கண்டிஷனா? குந்து, பாத்துக்கலாம்."

தண்டையார்பேட்டையில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் முன் நிறுத்தினார். உள்ளே மைக் சோதித்துக்கொண்டிருந்தார்கள். "ஹலோ ஹலோ, அல்லேலூயா" என்று கேட்டதுமே மகிமா இறங்காமல் தலையை ஆட்டினாள். அடுத்த இடத்தில் ஆராதனை முழுவதும் ஆங்கிலத்தில். கன்டெய்னர் லாரிகள் ரயில் மாதிரி நிற்கும் சாலையில் புகுந்து புகுந்து போய், ஒரு பெட்டிக்கடையில் விசாரித்து, ஒரு பூக்காரம்மாவிடம் விசாரித்து, கடைசியில் ராயபுரத்தில் ஒரு சந்துக்குள் திருப்பினார். மீன் வாடையும் டீசல் வாடையும் கலந்து வந்துகொண்டிருந்தது.

"இத்தப் பாரு. எங்க தாத்தன் காலத்துலருந்து கீது. புடிக்கலன்னா நீயே ஒண்ணு கட்டிக்கோ."

காரை பெயர்ந்த மதில், உள்ளே வேப்பமரம், அதற்குப் பின்னால் நீள ஜன்னல்களோடு ஒரு கோயில். கதவு திறந்திருந்தது. தேக்கு பெஞ்சுகள் வரிசையாக இருந்தன. பலிபீடத்துக்குப் பக்கத்தில் காலால் மிதித்து வாசிக்கும் ஆர்கன். யாரோ ஒரு பெண் உட்கார்ந்து நாளைக்கான பாட்டைப் பழகிக்கொண்டிருந்தாள். மகிமா வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். கண் கலங்கியது. அந்தக் கண்ணீரில் பாதி பக்தி, மீதி வெற்றி.

வீட்டுக்கு வந்ததும் நேராக அம்மாவிடம் போனாள். "எம்மா, நாளைக்குக் காலையில நாம ரெண்டு பேரும் தனியா ஒரு கோயிலுக்குப் போறோம். அசல் கோயில். ராயபுரத்துல இருக்கு. இந்த ஊர்ல அப்படி ஒண்ணு இருக்கது இங்க யாருக்குமே தெரியல. ஆர்கன் கூட இருக்கும்மா!"

அச்சுமுறுக்கு சுட்டுக்கொண்டிருந்த பெனிஷா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டாள். எண்ணெயில் ஏதோ கருகுகிற வாசம் வந்தது. அவள் உள்ளே போய்விட்டாள். அதைப் பார்த்த மகிமா, தங்கைக்கு முகம் செத்துவிட்டது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டாள்.

"அலைஞ்சு திரிஞ்சா கண்டுபிடிச்ச?" என்று அம்மா கேட்டாள்.

"பின்ன? ஊரெல்லாம் சுத்தினேன்."

"சரிட்டி. போவோம்."

கிறிஸ்துமஸ் காலை கோயில் நிரம்பிக்கொண்டிருந்தது. புதுத்துணி வாசம், மல்லிகைப்பூ, மெழுகுவர்த்தி. மகிமா அம்மாவின் கையைப் பிடித்து, "படி இருக்கு, பாத்து" என்றாள். அதைச் சொல்வதற்குள் அம்மா படியேறியிருந்தாள். நடு வழியே நேராக நடந்து, ஜன்னலோரம் ஒரு பெஞ்சைக் கையால் தொட்டு, அதில் ஒதுங்கி உட்கார்ந்தாள். அந்த இடத்தில் ஒரு சின்ன மெத்தை போட்டிருந்தது.

பின் பெஞ்சிலிருந்து, காதில் பெரிய தோடு போட்ட ஒரு பெண் குனிந்தாள்.

"ஹேப்பி கிறிஸ்துமஸ்மா! இன்னா, பெனிஷாக்கா வரல? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"அவ அவங்க கூடத்துக்குப் போயிருக்கா ரோசி. இது என் மூத்த மக."

"ஓ, ஊர்ல பெரிய கடை வெச்சினுகீறாங்களே, அவங்களா?" ரோசி மகிமாவை மேலும் கீழும் பார்த்தாள். "பெனிஷாக்கா வாரா வாரம் இட்டாந்துடுவாங்கோ. மழையா இருந்தாலும் வுடமாட்டாங்கோ. இங்க முடிச்சிட்டு அப்பால தான் வூட்டுக்காரர் கூட அந்தாண்ட போவாங்கோ. இந்த மெத்தகூட அவங்க தச்சது தான்."

மகிமாவுக்குக் காது அடைத்துக்கொண்டது. அம்மாவைப் பார்த்தாள். அம்மா முன்னால் பார்த்தபடி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். தான் ஆட்டோ பிடித்து, லாரிகளுக்கு நடுவே புழுதி குடித்துக் கண்டுபிடித்த கோயில் இது. இதிலும் பெனிஷா முந்திக்கொண்டு மெத்தை தைத்துப் போட்டிருக்கிறாள். அந்த மெத்தையை உருவி வெளியே எறிய வேண்டும் போலிருந்தது.

ஆர்கன் தொடங்கியது. எல்லோரும் எழுந்தார்கள். சரி, இருக்கட்டும். பாட்டு என்று வந்தால் பெனிஷா தன் பக்கத்தில் நிற்க முடியாது. சின்ன வயதில் அவள் வாயைத் திறந்தால் பாடகர் குழு வாத்தியார் காதைப் பொத்திக்கொள்வார். மகிமா குரலை விட்டுப் பாடினாள். மேல் ஸ்தாயியில் அவள் குரல் வெண்கலமாக ஒலித்தது. முன் வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பெருமையாகப் பக்கத்தில் பார்த்தாள்.

அம்மாவின் வாய் மூடியிருந்தது. பாட்டுப் புத்தகம் கையில் விரிந்துதான் இருந்தது. ஆனால் அவள் கண் அந்தப் பக்கத்தில் இல்லை.

"எம்மா, இங்க" என்று மகிமா வரியின் மேல் விரலை வைத்துக் காட்டினாள். அம்மா லேசாகத் தலையசைத்தாள். பாடவில்லை.

அப்போது ரோசி பின்னாலிருந்து எட்டி, அடுத்த சரணத்தின் முதல் இரண்டு வார்த்தைகளை அம்மாவின் காதுக்குள் சொன்னாள். அம்மாவின் முகம் தெளிந்தது. மெல்லிய, கொஞ்சம் நடுங்குகிற குரலில் அந்தச் சரணம் முழுவதையும் தப்பில்லாமல் பாடினாள்.

"அவங்களுக்குத் தான் எழுத்து தெரியாதே" என்று ரோசி மகிமாவிடம் கிசுகிசுத்தாள். "ஆப்ரேசனுக்கப்புறம் நடுக்கண்ணு போயிடுச்சுல்ல? ஓரத்துல தான் கொஞ்சம் தெரியும். எடுத்துக் குடுத்தா போதும், மீதிய அவங்களே பாடிடுவாங்கோ. பெனிஷாக்கா அப்டி தான் சொல்லிக் குடுப்பாங்கோ."

போனில் அம்மா சொல்லியிருக்கிறாள். "கண்ணு கொஞ்சம் மங்கலா இருக்குட்டி" என்று பல தடவை. மகிமாவும் "சொட்டு மருந்தை விடாம ஊத்தும்மா" என்று பல தடவை சொல்லியிருக்கிறாள், கடையில் ஆள் நிற்கிறது என்று போனையும் வைத்திருக்கிறாள். முந்தாநாள் புடவையைப் பார்க்காமல் தடவியது இப்போது நினைவுக்கு வந்து சுருக்கென்று குத்தியது. ஆனால் அதைவிடப் பலமாகக் குத்தியது, ரோசியின் உதடு அம்மாவின் காதோரம் இருந்ததுதான். ஊர் பேர் தெரியாதவளுக்குக்கூட அம்மாவின் காது தெரிந்திருக்கிறது.

"நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் திரும்பிக்கூடப் பார்க்காமல். குரலில் இருந்த வெடுக்கில் ரோசி பின்னுக்குச் சாய்ந்தாள்.

அடுத்த சரணத்துக்கு மகிமா குனிந்து அம்மாவின் காதில் முழு வரியையும் சொன்னாள். அதற்குள் சபை அந்த வரியைத் தாண்டிப் போயிருந்தது. அம்மா தடுமாறி நின்றாள். அதற்கடுத்த சரணத்துக்கு முந்தியே சொன்னாள். இன்னும் பழைய சரணம் முடியவில்லை, அம்மா இரண்டையும் குழப்பிக்கொண்டாள். மகிமாவுக்கு வியர்த்தது. பெனிஷாவால் முடிகிற காரியம் தன்னால் முடியாதா?

அம்மா அவள் மணிக்கட்டைத் தொட்டாள். "ரெண்டு வார்த்தை போதும்ட்டி. ஆர்கன் மூச்சு விடுதுல்லா, அப்பம் சொல்லு."

மகிமா பாடுவதை நிறுத்தினாள். ஆர்கன் மூச்சு விடுகிற இடத்துக்காகக் காத்திருந்து, இரண்டே வார்த்தை சொன்னாள். அம்மா பிடித்துக்கொண்டாள். அடுத்ததற்கும் பிடித்துக்கொண்டாள். ஆராதனை முழுவதும் மகிமா ஒரு பாட்டும் பாடவில்லை. அவள் குரல் அங்கே யாருக்கும் கேட்கவில்லை, ஒரு காதைத் தவிர. திருவிருந்துக்குப் போகும்போது அம்மாவின் முழங்கையைத் தாங்கிப் பிடித்தபடி, ரோசி கை கொடுக்க வந்துவிடாதபடி அவளுக்கு முன்னால் குறுக்கே நடந்தாள்.

முடிந்து வேப்பமரத்தடிக்கு வந்ததும் கேட்டாள். "ஏம்மா சொல்லல?"

"என்னத்த?"

"இது உனக்குத் தெரிஞ்ச கோயில்னு. நான் லூசு மாதிரி ஆடுனதைப் பாத்துக்கிட்டுத்தான இருந்த?"

அம்மா சிரித்தாள். "நான் சொல்லத்தான் போனேன். ராத்திரி பெனிதான், வேண்டாம்மா, அக்கா அவ்வளவு ஆசையா வந்து சொல்லுதா, அவளே கூட்டிட்டுப் போனதா இருக்கட்டும்னா."

மகிமாவுக்கு இதைத்தான் தாங்க முடியவில்லை. மறைத்திருந்தால் திட்டலாம். பொறாமைப்பட்டிருந்தால் சண்டை போடலாம். விட்டுக்கொடுத்தவளை என்ன செய்வது? நல்லவளாக இருப்பதிலும் அவளே முந்திக்கொண்டால் மூத்தவளுக்கு மீதி என்ன இருக்கிறது?

ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. பெனிஷா வாசலில் வந்து நின்றாள். தலையில் வைத்த பூ காற்றில் கலைந்திருந்தது. ஜெபக்கூடத்திலிருந்து பாதியில் புறப்பட்டு வந்திருக்க வேண்டும்.

"ஹேப்பி கிறிஸ்துமஸ்க்கா! எப்படி இருந்திச்சு கோயிலு?" என்று கேட்டாள், முதன்முதலாக அந்த மதிலைப் பார்ப்பவள் போல. நடிக்கத் தெரியாத முகம்.

மகிமா சொல்ல நினைத்தது வேறு. வாயில் வந்தது வேறு.

"நல்லா இருந்திச்சு. நான் ஊருக்கு இப்பம் போகல. வர்ற ஞாயித்துக்கிழமையும் அம்மாவை நான்தான் கூட்டிட்டு வருவேன். அதுக்கடுத்த ஞாயிறும்."

"டிக்கெட் எடுத்துட்டேன்னு சொன்னியே. அத்தான்?"

"அத்தானுக்குச் சமைக்கத் தெரியும்."

பெனிஷா சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. "இல்லக்கா, அம்மாவுக்குப் பாட்டு எடுத்துக் குடுக்கணும். அது பழகினவங்களுக்குத்தான்... நான் சொன்னாத்தான் அம்மாவுக்கு..."

"நான் சொல்லிக் குடுத்துட்டேன்" என்றாள் மகிமா. "ஒரு சரணம் விடாம பாடிட்டா. கேளு அம்மாட்ட."

பெனிஷா அம்மாவைப் பார்த்தாள். அம்மா, யாருடைய குரல் எந்தப் பக்கம் என்று காதைச் சாய்த்து நின்றாள். தங்கையின் முகம் மெதுவாகச் சுருங்குவதை மகிமா பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, அம்மாவின் கை எவளுடைய கையில் இருக்கிறது என்று கண்ணால் தேடும் அந்தப் பார்வை அவளுக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. மூன்று வருடமாகத் தன் முகத்தில் சுமந்தது.

பாவமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. சந்தோஷம் ஒரு பிடி கூடுதலாகவே இருந்தது. முதல் தடவையாகத் தங்கையின் மேல் அவளுக்குக் கொஞ்சம் பாசம் பொங்கியது.

"ஏட்டி, ரெண்டு பேரும் இப்படியே நிப்பியளா?" என்றாள் அம்மா. "எனக்குப் பசிக்கி."

இருவரும் ஒரே நேரத்தில் அம்மாவின் பக்கம் நகர்ந்தார்கள். இடது கையை மகிமா விடவில்லை. பெனிஷா ஸ்கூட்டரை அப்படியே நிறுத்திவிட்டு வந்து வலது கையைப் பிடித்துக்கொண்டாள்.