தீவு வந்ததும்

"கொஞ்சம் பேசாம வாங்கண்ணே. அப்பா தூங்குறாரு."

மகள் அப்படிச் சொன்னதும் படகுக்காரர் வாயை மூடிக்கொண்டார். அதுவரை மனிதர் ஓயவில்லை. பன்னிரண்டு மாதமும் இந்த ஊரில் கூட்டம்தான், மழையில்கூடக் குடையைப் பிடித்துக்கொண்டு பழைய கோட்டையைச் சுற்றுகிறார்கள் என்று துடுப்பு வீச்சுக்கு ஒரு கதை அளந்துகொண்டிருந்தார்.

படகு சாயாமல் இருக்க அவளை முன்பக்கம் உட்கார வைத்துவிட்டு, அவர் நடுவில் அப்பாவைப் பார்த்தபடி துடுப்புப் போட்டார். அப்பா பின்பக்கத்துப் பலகையில், இரண்டு தலையணைக்கு நடுவே, கழுத்துவரை கம்பளியோடு சாய்ந்திருந்தார். கிளம்பும்போது அவர் கேட்டது ஒன்றுதான்.

"கொஞ்சம் கண்ணசருறேன். தீவு வந்ததும் எழுப்பு."

அப்பா சுற்றுலா பஸ் டிரைவர். இந்த ஊருக்கு எத்தனை நடை அடித்திருப்பாரோ, அவருக்கே கணக்கில்லை. ஆனால் ஏரியைப் பார்த்ததில்லை. சொன்னால் சிரிப்பார்கள். ராத்திரி முழுக்க ஓட்டி வந்து ஆட்களை இறக்கிவிட்டு, மலைக்குப் பின்னால் பஸ் நிறுத்துகிற இடத்தில் கடைசி சீட்டில் விழுந்துவிடுவார். மறுபடி ராத்திரி ஓட்டவேண்டுமே. அப்படியும் வீட்டுக்கு வந்து, ஏரி நடுவே தீவு, தீவில் அரண்மனை, அரண்மனைப் படி தண்ணீருக்குள் இறங்குகிறது என்று நேரில் பார்த்தவர் கணக்காகக் கதை விடுவார். எல்லாம் பயணிகள் பேசிக் காதில் விழுந்தது.

வீட்டில் இருந்தது ஒரே சட்டம். டிரைவர் தூக்கத்தைக் கலைக்கக் கூடாது. "அந்த மனுசன் ஒரு நிமிசம் அசந்தா அம்பது குடும்பம் தெருவுல நிக்கும்" என்பாள் அம்மா. அப்பா படுத்தால் பாத்திரம்கூட அந்த வீட்டில் பயந்துதான் உருளும். பரீட்சையில் தேறிய சேதியையே அவர் எழும்வரை மகள் வாய்க்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

போன வாரம் டாக்டர் கையை விரித்துவிட்டார். அதன்பிறகு அப்பா ஆசைப்பட்டது இந்த ஏரிக்கு மட்டும்தான்.

பனி விலகி, அரண்மனைப் படி கண்ணுக்கு எதிரே வந்தது. அவள் திரும்பி, படகுக்காரரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அப்பாவின் நெற்றியில் சுருக்கமே இல்லை. வலி அவரைத் தூங்கவிட்டு எத்தனை நாளாயிற்று. 'அப்பா' என்பது நாக்கு நுனிவரை வந்தது, மனசு வரவில்லை.

"அவரா முழிக்கட்டும்ணே. இன்னொரு சுத்து வருவோம்" என்று கிசுகிசுத்தாள்.

அந்தச் சுற்றும் முடிந்து, கிளம்பின கரையில் படகு முட்டியும் அவர் விழிக்கவில்லை. அவள் பின்பக்கம் தாவிப் போய்க் கன்னத்தைத் தொட்டாள். படகுக்காரர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். கரையில் நின்றவரிடம் ஸ்ட்ரெச்சருக்குச் சொல்லி அனுப்பினார்.

பாவி, எழுப்பித் தொலைத்திருக்கலாமே. தன்னையே திட்டிக்கொண்டாள். ஒரு வேளை தீவு வருவதற்குள்ளேயே போயிருந்தால்? அப்படியென்றால் எழுப்பியும் பயனில்லை. அதை ஒருவர் சொன்னால் போதும், மிச்ச நாளை எப்படியாவது ஓட்டிவிடுவாள்.

"தீவுக்கு முன்னாடியே போயிருக்கும், இல்லண்ணே? நீங்கதானே அவரைப் பார்த்துக்கிட்டே துடுப்புப் போட்டீங்க."

படகுக்காரர் தொப்பியை உள்ளங்கையில் திருப்பிக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா. தீவுகிட்ட வந்தப்ப, கண்ணைத் தொறக்காமலே, 'வந்துருச்சா'ன்னு கேட்டாரு. மெதுவாத்தான் கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நீங்க பேச வேணாம்னு சொல்லியிருந்தீங்களேம்மா."

அவர் மேல் என்ன தப்பு இருக்கிறது.

தூக்குவதற்குத் தோதாகப் படகுக்காரர் படகைத் திருப்பி, பின்பக்கத்தைக் கரையோடு ஒட்டினார். அப்பா இப்போது ஏரியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வெயில் நன்றாக ஏறியிருந்தது. தீவு, அரண்மனை, தண்ணீருக்குள் இறங்கும் படி, எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. ஸ்ட்ரெச்சர் வரும்வரை அவரை அப்படியே விட்டுவைத்தார்கள்.