திரையில் ஒன்றரை

அப்பாவின் கட்டிலருகே, நரம்பில் மருந்தைச் சிறுகச் சிறுக ஏற்றும் எங்கள் கம்பெனி சிரிஞ்ச் பம்பைப் பார்த்ததும் எனக்குப் பெருமை பிடிபடவில்லை. லாஸ்பேட்டையில் ஒரு மாடி வீட்டில் ஆறு பேராகச் சேர்ந்து நாங்கள் செய்வது. திரையில் எண்களை எழுதிக் காட்டும் புரோகிராம் என்னுடையது.

"எம் பொண்ணு சுடர்விழி செஞ்ச மெஷினும்மா," என்று அப்பா நர்ஸ் பூர்ணிமாவிடம் மூச்சு வாங்கச் சொன்னார். மில் மூடிய பிறகு ஏடிஎம் வாசலில் காவலுக்கு உட்கார்ந்தவர். முந்தாநாள் நெஞ்சுவலி வந்து, அரியாங்குப்பத்தில் இந்த நர்சிங் ஹோமில் சேர்த்திருந்தோம்.

பூர்ணிமா சிரிக்கவில்லை. "காலையிலேருந்து பிபி எறங்கிக்கிட்டே வருதுக்கா. அத ஏத்துற மருந்து, டாக்டர் சொன்ன மாதிரி மணிக்கு ஒன்றரை மில்லிதான் போவுது. இப்படியே இருந்தா கோரிமேட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போவச் சொல்லிட்டாரு."

பக்கத்துக் கட்டில் காலி. துப்புரவு அம்மா விரிப்பை உருவிக்கொண்டிருந்தார். அதன் தலைமாட்டிலும் எங்கள் பம்ப்தான், அணைத்து வைத்திருந்தது.

அப்பாவின் திரையில் 1.5 என்றிருந்தது. சரிதானே என்று திரும்பியவள் மறுபடி பார்த்தேன். என் புரோகிராம் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் காட்ட வேண்டும். ஒன்றரை என்றால் 1.50. அந்தப் பூஜ்ஜியம் எங்கே?

பம்புக்குள் இருக்கும் சின்னச் சிப்பில் இடம் கிடையாது. எண்களை எழுதிக் காட்ட எல்லோரும் பயன்படுத்தும் பிரிண்ட்எஃப் என்ற ரெடிமேட் புரோகிராம் அதற்குள் நுழையவே இல்லை. வியாழக்கிழமை டெலிவரி என்று முதலாளி இராமதாஸ் தலைமேல் நின்றார். நானே நாற்பது வரியில் ஒன்று எழுதினேன். புள்ளிக்கு முன்னால் ஒரு எண், பின்னால் ஒரு எண், இரண்டையும் தனித்தனியாக எழுதும். பின்னால் வருவது ஒற்றை இலக்கமானால் அதற்கு முன் பூஜ்ஜியம் போட வேண்டும். நான் போடவில்லை. 1.05 வந்தால் 1.5 என்று காட்டும். சோதித்தபோது 1.25, 2.75 என்று லட்சணமான எண்களாகவே கொடுத்துப் பார்த்தேன். நாற்பதே வரி என்று ஆபீஸ் முழுக்கப் பீற்றிக்கொண்டேன். அறிவுகெட்டவள்.

"இத எப்படி வச்சீங்க?"

"ஒன்னுல இருந்துச்சு, குமிழ மெல்லத் திருப்பினேன். 1.1, 1.2ன்னு ஏறிச்சு. 1.5 வந்ததும் நிறுத்திட்டேன். ஏங்க்கா?"

அவள்மேல் ஒரு தப்பும் இல்லை. யாராக இருந்தாலும் அங்கேதான் நிறுத்துவார்கள்.

"இது 1.05ஐ 1.5ன்னு தப்பாக் காட்டுது. அப்பாவுக்கு மருந்து பத்தாம போயிட்டிருக்கு. டாக்டரக் கூப்பிடுங்க."

டாக்டர் ஓடி வந்தார். நான் சொன்னதைக் கேட்டு, குமிழை இன்னும் திருப்பும்படி பூர்ணிமாவிடம் சொன்னார். 1.9க்கு அடுத்து 1.10 வந்தது. அவள் கை அப்படியே நின்றது.

"என்னக்கா, பின்னாடி போவுது?"

"இல்ல, ஏறுதுதான். 1.50ன்னு வர்ற வரைக்கும் திருப்புங்க."

கால் மணி நேரத்தில் பிபி தொண்ணூறைத் தாண்டியது. டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

"பாத்தியாம்மா, எம் பொண்ணு வந்ததும் சரியாயிடுச்சு," என்றார் அப்பா.

பூர்ணிமா பக்கத்துக் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்கும் ஒன்றரைதான்க்கா வச்சிருந்தேன்," என்றாள். "காலையில ஆறு மணிக்கு எறந்துட்டாரு."