வெயில் படாத முகம்

இரு வீட்டாரும் முதன்முதலாக உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட்ட நாளில்தான் நாரே அந்தப் பேச்சைப் பேசினாள். சியோலில் நல்ல உணவகம். மேசைக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளையின் அம்மா, உரித்த முட்டை மாதிரி பளபளவென்று. இந்தப் பக்கம் நாரேயின் அம்மா மால்சூன். தெற்கே முவான் ஊர்ப் பக்கத்துச் செம்மண்ணில் வெங்காயம் போட்டு, பிடுங்கி, விற்றுக் காலம் தள்ளியவள். வயலில் முகத்துக்குத் துண்டு கட்டினாலும், வெக்கை ஏறியதும் அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொள்கிற ரகம். முகம் கருத்துச் சுருங்காமல் என்ன செய்யும்?

வெளியே வந்ததும் நாரே அம்மாவை ஓரமாக இழுத்தாள்.

"கல்யாணத்தன்னிக்கு நீயும் சம்பந்தியம்மாவும் ஒண்ணா மேடைக்கு நடந்து போயி மெழுகுவத்தி ஏத்தணும், தெரியும்ல? எல்லாரும் ஒங்க ரெண்டு பேரு மூஞ்சியத்தான் பாப்பாங்க. அதுக்குள்ள கொஞ்சம் வெளுக்கப் பாரும்மா."

"இந்தக் கரி மூஞ்சிய வெச்சுத்தானடி ஒன்ன பெத்தேன்" என்று மால்சூன் சிரித்தாள். நாரேயும் சிரித்தாள். சிரிப்போடு விட்டிருக்கலாம். விடவில்லை. அவளுக்கு வேலையே ஒரு தோல் மருத்துவமனையின் முன்மேசையில்தான். காலையிலிருந்து மாலை வரை வெயிலைத் திட்டித்தான் அவளுக்குச் சம்பளம்.

அடுத்த வாரமே முவானுக்கு ஒரு பெட்டி போனது. வெயில் களிம்பு, முகமூடி, முறம் போல விளிம்பு வைத்த தொப்பி, கைக்கு உறை. வயலைக் குத்தகைக்கு விடச் சொன்னாள். கல்யாணம் மறு வருட இலையுதிர் காலத்தில்.

"வெளிய போகாத. வாசலுக்குப் போனாக்கூட பூசிக்கிட்டுப் போ. மழையா இருந்தாலும் பூசு."

கட்டிய புருஷன் சொன்னதைக்கூட ஒரு நாளும் கேட்டிராத மால்சூன், மகள் சொன்னதை அப்படியே கேட்டாள். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. அடுத்த வீட்டு ஓக்பூன், "என்னடி, எந்த பாங்கில கொள்ளையடிக்கப் போற?" என்று கேட்டாளாம். அதைப் போனில் சொல்லிச் சொல்லி மால்சூன் சிரிப்பாள். பிறகு கன்னத்தைத் திரையில் ஒட்டாத குறையாக வைத்துக் காட்டுவாள்.

"பாரு, வெளுத்திருக்கா?"

"இன்னும் கொஞ்சம்மா."

ஒவ்வொரு முறையும் நாரே இதையேதான் சொன்னாள்.

வசந்தம் வந்தபோது அம்மாவின் குரலில் தொய்வு. "தொட ரெண்டும் உள்ளுக்குள்ள வலிக்குதுடி. ஊர்க் கூடத்துல தரையில உக்காந்து சீட்டு ஆடுனா எந்திரிக்க முடியல. ஓக்பூன் வந்துதான் மூட்டையத் தூக்குற மாதிரி தூக்கி விடுறா."

"வேலைய விட்டா ஒடம்புல சோம்பல் ஏறத்தான் செய்யும். வீட்டுக்குள்ளயே நடம்மா."

வீட்டுக்குள்ளேயே! வயலை வளைய வந்த கால்களை, அடுப்படிக்கும் கூடத்துக்கும் இடையே நடக்கச் சொன்னாள்.

கல்யாண நாளில் மால்சூனைப் பார்த்து உறவுக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். ரோஜா நிறப் பட்டுப் பாவாடை, வெண்ணெய் போல முகம். "சியோல் சீமாட்டி வந்துட்டாங்கப்பா, வழி விடுங்க!" என்று சித்தப்பா கத்தினார். சம்பந்திகள் இருவரும் கைகோத்து நடந்து போய் மெழுகுவத்தி ஏற்றினார்கள். மணப்பெண் அறையில் காத்திருந்த நாரேயின் காதில் கைதட்டல் விழுந்தது. அடுத்து ஒரு கூச்சல்.

மேடையை விட்டு இறங்கும்போது மால்சூனுக்குக் கால் எழவில்லை. ஒரு படி, அவ்வளவுதான், விழுந்துவிட்டாள். காலைத் தட்டிவிட்டது என்று எல்லாரும் பாவாடையைத் திட்டினார்கள். ஓடிவந்த மகளிடம், பல்லைக் கடித்துக்கொண்டு, "நிறுத்தாதடி, நடத்து. நிறுத்துனா நான் பேசவே மாட்டேன்" என்றாள். ஆம்புலன்சில் ஓக்பூன் கூடப் போனாள். நாரே கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி பவுடர் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளையோடு நடந்தாள். குடும்பப் படத்தில் சம்பந்தியம்மா இருக்கிறாள், சித்தப்பா இருக்கிறார். அம்மா இல்லை.

இடுப்பு எலும்பு முறிவு. அறுவை முடிந்தபின் ரத்தப் பரிசோதனை முடிவோடு டாக்டர் வந்தார்.

"அம்மா ஊர்ல விவசாயம்னுதான சொன்னீங்க? வைட்டமின் டி ரொம்ப அடியில கெடக்கே. வெளிய வரவே மாட்டாங்களா?"

நாரே அந்தத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"வயசானா எலும்பு மெலியத்தான் செய்யும், இது ஒண்ணுதான் காரணம்னு நான் சொல்லல. ஆனா இந்தச் சத்து இல்லாட்டி எலும்புல சுண்ணாம்பு சேராது. தசையும் தளந்துடும், தடுமாறுனா சமாளிக்க முடியாது. தொட வலி, எந்திரிக்க முடியாம போறது, ஏதாவது சொன்னாங்களா?"

"சொன்னாங்க" என்றாள் நாரே.

"வயசானவங்க தோலு வெயில்லயிருந்து இத உண்டாக்குறதே கம்மி. சாப்பாட்டுலயும் அவ்வளவா கெடைக்காது. மாத்திரை எழுதுறேன். தெனமும் கொஞ்ச நேரம் வெளிய உக்கார வைங்க. பழையபடி நடப்பாங்களான்னு இப்ப என்னால சொல்ல முடியாது."

தாழ்வாரத்தில் சுவரோடு சாய்ந்து நின்று நாரே அழுதாள். களிம்பு என்ன பாவம் செய்தது? அம்மாவைப் பார்த்து வெட்கப்பட்டவள் அவள்தானே. அந்த வெட்கத்தைப் பெட்டியில் கட்டி ஊருக்கு அனுப்பியவளும் அவள்தான்.

மறுநாள் சக்கர நாற்காலியில் அம்மாவை மருத்துவமனைத் தோட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள். வெயில் இதமாக இருந்தது. அம்மாவின் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டாள். மால்சூன் உடனே போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"எறக்கும்மா. வெயில் படட்டும்."

"ஐயோ, வேணாம்டி."

"அன்னிக்கு நான் சொன்னதெல்லாம் தப்பும்மா. டாக்டரே வெயில்ல உக்காரச் சொல்லிட்டாரு."

"அவரு சொல்லுவாரு" என்றாள் மால்சூன், போர்வைக்குள்ளிருந்து. "நாளைக்குச் சம்பந்தியம்மா என்னப் பாக்க வராங்கல்ல? போட்டோலதான் நான் இல்லாம போயிட்டேன். நேர்லயாவது இந்த மூஞ்சியப் பாத்துட்டுப் போகட்டும். ஒனக்குப் பெருமையா இருக்கும்ல?"

நாரே போர்வையின் நுனியைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். வெங்காயம் பிடுங்கிய கை. அது விடவில்லை.