ருத்ரகௌடாவின் இரண்டு விரல்கள்

மனிதகுலத்தின் முன்னேற்றம் முழுவதும் ஒரு தலைவனின் இடது கையில்தான் இருக்கிறது என்று தாவணகெரெ மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் சங்க மேடையில் முழங்கிய ருத்ரகௌடா, மறுநாள் காலை பைக் மெக்கானிக் மஹபூபின் பட்டறை வாசலில் நடக்க நடக்க நின்ற இடத்திலேயே இருந்தார். கால்கள் ஒழுங்காகத்தான் எட்டு வைத்தன, தரை நகரவில்லை. அன்று வெயில் அதிகம், வெண்ணெய் வழியும் பெண்ணெ தோசைக் கடையில் கூட்டம் குறைவு.

எதிரே கல்யாண மண்டபத்தில் அவர் மகள் ஷைலஜாவுக்கு முகூர்த்தம். மாப்பிள்ளை வேறு சாதி. மூன்று வருடமாக கௌடா சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை; பார்க்கலாம் என்றார். அப்பா வாயால் சம்மதம் வராமல் தாலிக்குக் கழுத்து நீட்டமாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். வரும் வழியில் கௌடாவின் பைக் உறுமியதே தவிர ஓடவில்லை. பட்டறைவரை தள்ளிவந்து நிறுத்திவிட்டு, ரோட்டைக் கடக்கலாம் என்று அடியெடுத்தபோதுதான் இது. வேகமாக நடந்தால் முழங்காலிலிருந்து கருகல் வாடை வந்தது.

மஹபூப் முதலில் பைக்கை முகர்ந்தான், பிறகு கௌடாவின் முழங்காலை. இரண்டும் ஒரே வாடை.

"கௌட்ரே, கிளட்சுக்குள்ள தட்டுத் தட்டா அடுக்கியிருக்கு. ஒண்ணு இன்ஜினோட சுத்தும், அடுத்தது சக்கரத்தோட. ஸ்பிரிங் அமுக்கிப் புடிச்சா எல்லாம் ஒண்ணா சுத்தும், வண்டி போவும். இடது கை லீவரப் புடிச்சா அமுக்கு விட்டுரும், இன்ஜின் தனியா கத்திக்கிட்டு கெடக்கும்."

"சங்கத் தலைவனுக்கே கிளட்ச் பாடமாடா?" கௌடா நடப்பதை நிறுத்தவில்லை.

"நேத்து சங்க ஊர்வலத்துல எல்லாருக்கும் கையாட்டிக்கிட்டே, ரெண்டு விரல லீவர் மேலயே வெச்சு ஓட்டுனீங்களே. புடிக்கவும் இல்ல, விடவும் இல்ல. தட்டு வழுக்கி வழுக்கிக் கருகிருச்சு."

"இப்ப என்ன பண்ண?"

"வண்டிக்குப் புதுத் தட்டு இருக்கு. உங்களுக்கு ஸ்பேர் வராது. ஒண்ணு முழுசாப் புடிங்க, இல்ல முழுசா விடுங்க."

மண்டப வாசலில் புரோகிதர் வந்து நின்று, நேரம் போகிறது என்று கைகாட்டினார். அவருக்குப் பின்னால் பட்டுப்புடவையில் ஷைலஜா. கௌடா தன் இடது கையைப் பார்த்தார். வெறும் காற்றைப் பாதி பிடித்தபடி இரண்டு விரல்கள் வளைந்திருந்தன. வலது கையால் அவற்றை ஒவ்வொன்றாக நிமிர்த்தினார்.

"கட்டிக்கோ தாயி. எனக்குச் சம்மதம்."

கிளட்சை ஒரேயடியாக விட்டால் வண்டி என்ன செய்யும் என்று ஊருக்கே தெரியும். கௌடா ஒரே பாய்ச்சலில் ரோட்டைக் கடந்து, புரோகிதரைக் கடந்து, வாழைமரத்தைக் கடந்து, மணமேடையில் சம்பந்தியம்மாளுக்குப் பக்கத்தில் போய் நின்றார். சற்று நேரத்தில் தாலி ஏறியது. பந்தியில் யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை. ஹோளிகெ என்ற போளிக்கு நெய் போதவில்லை என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

கௌடாவின் வேட்டி பட்டறை வாசலிலேயே கிடந்தது.